முதலில் நன்றியுரை

எங்கள் கல்லூரி வாசலில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள்' என்று தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் தலைப்புப் போட்டு, கீழே தேதி எழுதி நிரப்புவது என் வேலை. ரத்ததான முகாம், வேலைவாய்ப்பு மேளா, கபடிப் போட்டி, டிராஃபிக் இன்ஸ்பெக்டர் வந்து ஹெல்மெட்டைப் பற்றிப் பேசும் கூட்டம் என்று மாதம் முழுக்க ஏதாவது இருக்கும். மாணவர் நிகழ்ச்சிகளுக்கு ஒருங்கிணைப்பாளர் என்று எனக்கு நீளமாக ஒரு பதவி கொடுத்திருக்கிறார்கள். உண்மையில் நான் செய்வது நாற்காலிகளில் ஆள் பிடித்து உட்கார வைப்பது. இதைச் சொன்னால் என் கணவர் சங்கர் சிரிப்பார். அவருக்கென்ன, ஏசியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்க்கிறவர். வெயிலில் நின்று, "தம்பி, பத்து நிமிஷம் உக்காந்துட்டுப் போ" என்று கெஞ்சுகிறவளுக்குத்தான் தெரியும்.

நான் சுபாஸ்ரீ. ஊர் அம்பாசமுத்திரம். எனக்குக் கொஞ்சம் கோபம் அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஹைதராபாத் வந்த பிறகு அது இன்னும் கூடித்தான் இருக்கிறது.

எங்களுடையது சமுதாயக் கல்லூரி. ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. படிப்பைப் பாதியில் விட்டவர்களும், வேலை பார்த்துக்கொண்டே ஒரு தொழில் கற்க நினைக்கிறவர்களும் வருகிறார்கள். குகட்பள்ளியில் தெருவுக்கு நான்கு பெரிய கல்லூரி இருந்தும் அங்கேயெல்லாம் இவர்களுக்கு இடமில்லை.

இங்கே விழா என்றால் அதற்கு ஒரு வரிசை உண்டு, அதை மாற்ற யாருக்கும் தைரியம் கிடையாது. பிரார்த்தனைப் பாட்டு, குத்துவிளக்கு, வரவேற்புரை, ஆண்டறிக்கை, சிறப்பு விருந்தினருக்குச் சால்வை, அவருடைய பேச்சு, ஆட்டம் பாட்டம், கடைசியில் நன்றியுரை. சிறப்பு விருந்தினர் பேசி முடித்ததும் அவருடைய ஆள் ஒருவர் மேடை ஓரமாக வந்து, "சாருக்கு இன்னொரு புரோகிராம் இருக்கு" என்பார். கார் கிளம்பிவிடும். நன்றியுரை ஆரம்பிக்கும்போது பாதி ஹால் செருப்பைத் தேடும், மீதிப் பாதி சமோசா பாக்கெட்டுக்கு வரிசையில் நிற்கும். யாருக்கு நன்றி சொல்கிறோமோ அவர் மட்டும் இருக்கமாட்டார்.

அதனால் நன்றியுரை சொல்ல எவரும் முன்வருவதில்லை. வருஷம் முழுக்க அது மங்களக்கா தலையில்தான் விழும்.

மங்களக்கா என்னைவிடப் பெரியவர், ஆனால் எங்கள் மாணவி. செகந்திராபாத்தில் வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். கல்யாணமாகி குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனிக்கு வந்தவர். பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸ் வேலை. அட்மிஷனுக்கு வந்த அன்று அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"மேடம், உக்காந்து பாக்கற வேலைக்கு இங்க என்ன படிப்பு இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் புடவையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கிக் காட்டினார். நரம்பெல்லாம் நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தது. அவர்கள் கடையில் வாங்க வருகிறவர்கள் மெத்தையில் உட்காருவார்கள். விற்கிறவர்கள் கடை திறந்ததிலிருந்து மூடும் வரை நிற்கவேண்டும். சாப்பாட்டு நேரம் தவிர உட்கார்ந்தால் கேமராவில் பார்த்து மேனேஜர் கூப்பிடுவார். சிரித்ததற்காக எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எலக்ட்ரானிக்ஸ் அசெம்ப்ளி டிப்ளமோவில் சேர்த்துவிட்டேன். படித்து முடித்தால் பாலாநகர் பக்கம் கம்பெனிகளில் வேலை கிடைக்கும். மேஜைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சர்க்யூட் போர்டில் சின்னச் சின்னப் பாகங்களைச் சால்டரிங் வைக்கும் வேலை. "ஸ்டூலா மேடம்?" என்று மங்களக்கா இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அவர் படிப்பது காலை ஆறரை மணி பேட்ச். கடை திறப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும். இரவு டியூட்டி முடித்து நேராக வரும் செக்யூரிட்டிகள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கடைப் பெண்கள் எல்லோரும் அந்த பேட்ச்தான். கொட்டாவி விட்டுக்கொண்டே படிப்பார்கள், ஆனால் வராமல் இருக்கமாட்டார்கள்.

மார்ச் மாதம், ஆண்டு விழாவைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பிரின்சிபால் கூப்பிட்டார். கோவிந்தராஜன் சார் தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். நல்ல மனுஷன்தான், அறக்கட்டளை சேர்மன் முன்னால் மட்டும் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"சுபாம்மா, விஷயத்தை வெளியில விடாதே. ஆண்டு விழா அன்னிக்கு சேர்மன் ஒண்ணு அனௌன்ஸ் பண்ணப்போறார். ஜூன்லேர்ந்து மார்னிங் பேட்ச் கிடையாது. அந்த நேரத்துக்கு பில்டிங்கை என்ட்ரன்ஸ் கோச்சிங்காரங்களுக்கு குடுத்தாச்சு."

"அப்ப இங்க படிக்கிறவங்க என்ன சார் பண்ணுவாங்க?"

"பகல் பேட்ச்ல சேந்துக்கலாம்னு சொல்றார்."

"பகல்ல வர முடிஞ்சா அவங்க எதுக்கு சார் கோழி கூப்பிட எந்திச்சு இங்க ஓடி வாராங்க?"

"எங்கிட்ட கைக்கும்மா, எதுக்கும்மா கத்தறே? நான் என்ன பில்டிங் ஓனரா?"

அவரிடம் கத்திப் பிரயோஜனமில்லை என்று வெளியே வந்துவிட்டேன். பொங்கிக்கொண்டு வந்தது. சேர்மனுக்கு மனு கொடுக்கலாம், அது அவருடைய பி.ஏ.வின் டிராயரில் உறங்கும். போன் போட்டால் மீட்டிங்கில் இருக்கிறார் என்பார்கள். மாணவர்களுக்கு முன்னால் அவர் சிறப்பு விருந்தினராக வந்து உட்காருவது வருஷத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான். அன்றைக்கு மேடையில் மைக்கைப் பிடிக்க உரிமையுள்ள ஒரே மாணவி நன்றியுரை சொல்கிறவள். ஆனால் அவள் பிடிக்கும்போது இவர் கார் மெட்ரோ தூண்களைத் தாண்டியிருக்கும்.

எனக்கு வழி பளிச்சென்று தெரிந்தது. நன்றியுரையை அவர் பேச்சுக்கு முன்னால் வைத்துவிட்டால் அவர் கேட்டுத்தானே தீரவேண்டும்?

பிரின்சிபால் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "நன்றியுரை முன்னாடியா? சாப்பாடு போடறதுக்கு முன்னாடி பீடாவை நீட்டற மாதிரி? நக்கோம்மா, வேண்டாம், நக்கோ!"

"சார், இந்தக் கல்லூரிக்கு அவர் இவ்வளவு செஞ்சிருக்காரு. ஒரு நன்றியையாவது தன் காதால கேட்டிருக்காரா? நமக்குத்தானே அது அசிங்கம்?"

அவர் யோசித்தார். சேர்மனுக்கு மரியாதை என்று சொன்னால் கோவிந்தராஜன் சார் கிணற்றில் குதிக்கவும் சம்மதிப்பார். "சரி, வரிசையை மாத்திக்கோ" என்றார்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் மங்களக்காவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். டிபன் பாக்ஸைத் திறந்தவர் அப்படியே மூடிவிட்டார்.

"இன்னும் ஒரே டெர்ம்தானே மேடம் பாக்கி?"

"ஆமாக்கா."

"பகல்ல கடையை விட்டுட்டு வர முடியாதே. அப்ப நான் திரும்ப நிக்கறதுதானா?"

என் திட்டத்தைச் சொன்னேன். மேடையில் நின்று, நன்றியுரையோடு சேர்த்து, காலை வகுப்பை மூட வேண்டாம் என்று கேட்டுவிட வேண்டும். எல்லோருக்காகவும், இனிமேல் சேரப் போகிறவர்களுக்காகவும் கேட்க வேண்டும்.

"நக்கோ மேடம். எனக்காக நான் யாருகிட்டயும் கை நீட்டினது இல்லை. எங்க வீட்டுல அந்தப் பழக்கமே கிடையாது."

"கைய நீட்டச் சொல்லலக்கா. வாயத் திறங்கன்னு சொல்லுதேன்."

நான் தெலுங்கில் எழுதி வைத்திருந்த பேச்சை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

விழா ஒரு சனிக்கிழமை மாலை. கலர் காகிதம், ஸ்பீக்கர், பட்டுப் பாவாடையும் வியர்வையுமாக ஆடக் காத்திருந்த பெண்கள் என்று ஒரே அமர்க்களம். கடையில் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு மங்களக்கா வந்தார். கூட ஒரு சின்னப் பெண்.

"இவ நஸ்ரின், மேடம். எங்க பக்கத்து கவுன்டர். ஆம்பூர் பொண்ணு, புருஷன்கூட இங்க வந்திருக்கா. ஜூன்ல நம்ம மார்னிங் பேட்ச்ல சேரணும்னு ஒரே பிடிவாதம். காலேஜைப் பாக்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன்."

நஸ்ரின் லேபின் ஜன்னல் வழியாக ஸ்டூல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மங்களக்காவைப் பார்த்தேன். அவர் குரலைத் தணித்து, "போன மாசமே வரச் சொல்லிட்டேன் மேடம். மூடப்போறாங்கன்னு அவகிட்ட இன்னும் சொல்லலை. எப்படிச் சொல்லட்டும்?" என்றார்.

சேர்மன் வழக்கம்போலத் தாமதமாக வந்தார். சால்வை போட்டாயிற்று. பிரின்சிபால் ஆண்டறிக்கையை வாசித்துத் தள்ளினார். பிறகு நான் மைக்கில், "இப்போது நன்றியுரை" என்றேன். கூட்டத்தில் பாதிப் பேர் பழக்க தோஷத்தில் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். "உக்காருங்க, இன்னும் முடியல!" என்று போட்ட அதட்டலில் உட்கார்ந்தார்கள். சேர்மன் குழப்பத்தோடு பிரின்சிபாலைப் பார்க்க, பிரின்சிபால் மின்விசிறியைப் பார்த்தார்.

மங்களக்கா மைக்கைப் பிடித்தார். நான் எழுதிக் கொடுத்த காகிதம் கையில் இல்லை. தெலுங்கில்தான் பேசினார், தமிழில் சொல்கிறேன்.

விடியும் முன்பே கேட்டைத் திறந்துவிடும் வாட்ச்மேனுக்கு நன்றி என்றார். வகுப்பில் தூங்கி விழுந்தாலும் எழுப்பி டீ வாங்கிக் கொடுக்கும் வினய் சாருக்கு நன்றி என்றார். பின்வரிசையில் கைதட்டல். பிறகு சேர்மன் பக்கம் முழுசாகத் திரும்பி இரண்டு கையையும் கூப்பினார்.

"எங்களை மாதிரி நின்று வேலை பார்க்கிறவர்களுடைய கஷ்டம் தெரிந்த பெரிய மனசுக்காரர் எங்கள் சேர்மன். இந்த பில்டிங்குக்கு எத்தனையோ பேர் போட்டி போடுகிறார்களாம். இருந்தாலும் நாங்கள் படித்து முடிக்கிற வரைக்கும் எங்கள் காலை வகுப்பை நிறுத்தக்கூடாது என்று அவர் முடிவு செய்திருக்கிறார். அதற்காக அவருக்கு எங்கள் எல்லோருடைய நன்றி!"

ஆட்டோக்காரர்கள் விசிலடித்தார்கள். செக்யூரிட்டி ஒருவர் எழுந்து நின்று சல்யூட் வைத்தார். கைதட்டல் ஓயவே இல்லை. கோவிந்தராஜன் சாரின் முகத்தில் ரத்தமே இல்லை. சேர்மன் முதலில் விழித்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார், மெல்லச் சிரித்துக் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுவதுபோல ஆட்டினார்.

மேடைக்குப் பின்னால் வந்த மங்களக்காவைக் கட்டிக்கொண்டேன். "அடப்பாவி அக்கா! கொடுக்காததுக்கு நன்றி சொல்லிட்டீங்களே!"

அவருக்கு மூச்சு வாங்கியது. சிரித்துக்கொண்டே சொன்னார். "கடையில இதான் மேடம் எங்க வேலை. கஸ்டமர் யோசிச்சிட்டே இருப்பாங்க. நாங்க கேக்கவே மாட்டோம். நல்ல செலக்ஷன்மா, உங்க கலருக்கு அமஞ்சு போச்சுன்னு சொல்லி மடிச்சுப் பையில போட்டுடுவோம். அப்புறம் நாலு பேர் முன்னாடி வேணாம்னு சொல்ல அவங்களுக்கு வாய் வராது."

"ஏன் அக்கா நான் எழுதிக் குடுத்ததைப் பேசல?"

"அதுல கேக்கறது இருந்துச்சு மேடம். எனக்கு வரலை."

சேர்மன் பேச எழுந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். நான் மங்களக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் சொல்வதற்கு முன்னாலேயே இந்தச் சகோதரி சொல்லிவிட்டார்" என்று ஆரம்பித்தார். "சந்தோஷம். அவர் சொன்னதுதான். இப்போது காலையில் படிக்கிறவர்கள் முடிக்கும் வரை அந்த வகுப்பு நடக்கும். அது என் வாக்கு. அதற்குப் பிறகு காலை வகுப்பு இருக்காது. ஜூனில் புதிய அட்மிஷனும் கிடையாது. பில்டிங்கில் மீதி இருக்கும் ரூம்களை ஒரு கோச்சிங் சென்டருக்குக் கொடுக்கிறோம்."

மறுபடி கைதட்டல். நானும் தட்டினேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், குதித்தேன். நஸ்ரினும் முன்வரிசையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர் ஜூன் அட்மிஷனைப் பற்றி ஏதோ சொல்ல, அவள் திரும்பி அவரிடம் இரண்டாவது தடவை கேட்டாள். அவள் கை நின்றுபோனது.

மங்களக்காவும் அதைப் பார்த்துவிட்டார்.

"நாங்க படிச்சு முடிக்கிற வரைக்கும்னா மேடம் நான் சொன்னேன்?"

நான் தலையாட்டினேன்.

"ஹவ், ஆமா, அப்படித்தான் சொன்னேன். கஸ்டமர் எந்திரிச்சுப் போயிடுவாங்களோன்னு பயந்தா, அவங்க வாயத் திறக்கறதுக்கு முன்னாடி நாங்களே விலையைக் குறைச்சு சொல்லிடுவோம். அதே பழக்கம். அவர் கேக்கவே இல்லையே மேடம்! நானே குறைச்சுட்டேனே!"

அதற்குள் சேர்மனின் ஆள் மேடை ஓரத்துக்கு வந்துவிட்டார். "சாருக்கு இன்னொரு புரோகிராம்." அவர் இறங்கி நடக்க ஆரம்பித்தார். பாட்டுக்கு ஸ்பீக்கர் அலற, பெண்கள் ஆட மேடையேறினார்கள். அந்தச் சத்தத்தில் மங்களக்கா ஓடினார். அந்தக் கால்களை வைத்துக்கொண்டு அப்படி ஓடுவார் என்று நான் நினைத்ததில்லை. பின்னாலேயே நான் ஓடினேன்.

சேர்மன் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். மங்களக்கா கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சார், ஒரு நிமிஷம் சார். எனக்காக இல்லை. ஜூன்ல சேர வர்றவங்க இருக்காங்க. எங்க கடையிலேயே ஒரு பொண்ணு இருக்கா. காலையில ஒரு ரூம் போதும் சார், ஒரே ஒரு ரூம். உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன் சார்." தெலுங்கும் ஹிந்தியும் கலந்து வந்தது. தனக்காக வாயைத் திறக்கமாட்டேன் என்றவர், கார் கதவுக்கு வெளியே குனிந்து கெஞ்சினார். டிரைவரும் வாட்ச்மேனும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

சேர்மன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சண்டை போட்டிருப்பேன். அவர் சாந்தமாக, தங்கையிடம் பேசுகிற குரலில், "அயிப்போயிந்தி கதம்மா" என்றார். முடிந்துவிட்டதே அம்மா. "இத்தனை பேர் முன்னால் நீங்களே நன்றி சொல்லிவிட்டீர்கள். நானும் தலையாட்டிவிட்டேன். இனி என்ன பாக்கி?"

மங்களக்கா கையை எடுத்துக்கொண்டார். கண்ணாடி ஏறியது, கார் போய்விட்டது.

பிரின்சிபால் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "கிடைச்சதே பெரிசு, சுபாம்மா. நீ எழுதினதைப் பேசியிருந்தா ஒண்ணுமே கிடைச்சிருக்காது" என்றார். இருக்கலாம். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். "சார், நீங்க உள்ள போய்ப் பாட்டைக் கேளுங்க" என்று அவரை அனுப்பிவிட்டேன்.

நஸ்ரின் இரண்டு சமோசா பாக்கெட்டுகளோடு வெளியே வந்தாள். ஒன்றை மங்களக்காவிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அக்கா, என்னமா பேசினீங்க! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. உங்களுக்கு முடிச்சிடலாம்ல, அது போதும்க்கா. வாங்க, பெர்மிஷன் முடியப்போவுது, மேனேஜர் கத்துவாரு."

"உன் இடத்தையும் சேத்து நானே மடிச்சுக் குடுத்துட்டேண்டி" என்றார் மங்களக்கா. அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

நஸ்ரினுக்கு அது எந்த அளவு புரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. துப்பட்டா நுனியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அட, விடுங்கக்கா. நீங்க முடிச்சிட்டு நல்லபடியா போய் உக்காருங்க. எனக்கென்ன, சின்ன வயசுதானே. நிப்பேன்."